எந்த ஊர் நோயாளி?

விடியற்காலை நாலரை மணிக்குக் கொம்பனித்தெருவின் சந்துகளில் விளக்கெரியும் வீடுகள் இரு வகைப்படும். ஒன்று, கடைக்கு அப்பம் சுடும் வீடு. மற்றையது, அன்றைக்குக் 'கிளினிக்' உள்ள வீடு. இச்சந்துகளிலேயே பிறந்து வளர்ந்து தலை நரைத்துவிட்ட நாம், கதவைத் திறந்ததும் எந்த வீடு எவ்வகையென்பதை மணத்தைக் கொண்டே சொல்லிவிடுவோம். அப்பக்காரி வீட்டில் தேங்காய்ப்பால் மணக்கும். கிளினிக் வீட்டில் தைலம் மணக்கும். ஐந்து மணிக்கெல்லாம் அந்த இரண்டாவது வகையினர் தெருவில் இறங்கிவிடுவர். கையிலே ஒரு பொலித்தீன் பை. அதற்குள் ஓரங்கள் மடிந்த கிளினிக் கொப்பி, ஒரு போத்தல் தண்ணீர், வெறுவயிற்றில் இரத்தம் கொடுத்த பின் உண்பதற்கு ஒரு பணிஸ். வரிசையில் முந்தினால் பகல் பன்னிரண்டுக்கு வீடு திரும்பலாம். பிந்தினால் மூன்று மணியாகும்.

எமது தெருவின் பெயர்க் கதையை நேயர்களிற் பலர் அறிந்திருப்பர். ஒல்லாந்தர் காலத்தில் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளை இரவில் அடைத்துவைத்த நிலம் இது. சுற்றிலும் ஏரி, ஏரியிலே முதலைகள் என்பது கர்ண பரம்பரை. ஆகவே ஆங்கிலேயர் இதனை அடிமைத் தீவு என்று பொருள்படும் பெயரால் அழைத்தனர். தமிழருக்கும் சிங்களவருக்கும் இது கொம்பனியின் தெருவாயிற்று. ஜாவாவிலிருந்தும் அயற்றீவுகளிலிருந்தும் வந்த மலாய் வீரர்கள் றைபிள் படையிற் சேர்ந்து இங்கே குடியமர்ந்தனர். 1873 இல் அப்படை கலைக்கப்பட்டது. ஆயினும் மலே வீதி, ஜாவா ஒழுங்கை, றைபிள் வீதி என்னும் பெயர்கள் கலையவில்லை. பின்னர் தென்னிந்தியாவிலிருந்து கூலிவேலைக்கு வந்தோர், கடை வைக்க வந்தோர், யாழ்ப்பாணத்திலிருந்து கந்தோர் உத்தியோகத்துக்கு வந்த எமது பாட்டனாரைப் போன்றோர், இக்காலத்தில் மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து வீட்டுவேலைக்கும் கடைவேலைக்கும் வருவோர் என ஒருவர்பின் ஒருவராக வந்து நிறைந்த இடம் இது. இத்தெருவிலே ஒருவரைப் பார்த்து, 'நீர் வந்தவர்' என்று சொல்லும் அருகதை வேறொருவருக்கும் இல்லை.

ஆயினும் அந்தச் சொல் வேறோரிடத்தில், வேறொரு வடிவத்தில் எம் காதில் விழுந்தது. அதனை எழுதவே இப்பொழுது பேனாவை எடுத்தோம்.

எமது வீட்டுக்கு இரண்டு வாசல் தள்ளி ஒரு பாட்டி இருக்கிறார். எழுபது வயதைக் கடந்தவர். ஹட்டனுக்கு அப்பாலுள்ள ஒரு தோட்டத்தில் நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்து, முழங்கால் இரண்டும் தேய்ந்து, நீரிழிவும் இரத்த அழுத்தமும் சேர்ந்துகொள்ள, கொழும்பில் வேலை பார்க்கும் மகளிடம் வந்து சேர்ந்தவர். சிங்களம் பேச வராது. தமிழ் எழுத்தைக் கூட்டித்தான் வாசிப்பார். தோட்டத்துப் பாடசாலையில் மூன்றாம் வகுப்போடு அவருடைய படிப்பு நின்றுவிட்டது. மகளுக்கு மாதத்தில் ஒருநாளுக்கு மேல் லீவு கிடையாது. "மாமா, இந்த ஒரு தடவை அம்மாகூடப் போயிட்டு வர்றீங்களா?" என்று ஒருநாள் வந்து கேட்டாள். முப்பது ஆண்டுகள் கந்தோரிலே இலிகிதராக இருந்து, சிங்களத்தில் கடிதம் எழுதியே கண் மங்கியவர் நாம். மொழி தெரியும் என்ற செருக்கும் எமக்குச் சற்று உண்டு. உடனே சம்மதித்தோம்.

அரசாங்க வைத்தியசாலை ஒன்றின் கிளினிக்கிலே நான்கு மணிநேரம் காத்திருந்து வைத்தியர் முன் போய் அமர்ந்தோம். வைத்தியர் இளைஞர், கண்கள் சிவந்திருந்தன, மேசையில் கொப்பிகள் ஒரு முழ உயரம் அடுக்கியிருந்தன. "அம்மாட்ட மொக்கத?" என்று கேட்டார். அம்மாவுக்கு என்ன என்பது பொருள். கேட்டது பாட்டியைப் பற்றி, பார்த்தது எம்மை.

பாட்டி சொன்னார்: "நெஞ்ச அடைக்குதுங்க. படி ஏறினா இந்த இடது கை அசந்து போவுது. ராவுல குப்புன்னு வேர்க்குது."

நாம் மொழிபெயர்த்தோம். எப்படி? முந்திய நாள் பாட்டி பலாக்காய்க் கறி உண்டதாக மகள் சொல்லியிருந்தாள். எமக்குப் பின்னால் முப்பது பேர் நின்றனர். தாதியார் அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டுவிட்டார். 'நெஞ்சில் ஒரு மாதிரியாக இருக்கிறதாம்; காஸ் போலும்' என்று சிங்களத்தில் சுருக்கமாகவும், இலக்கணப் பிழையின்றியும் சொன்னோம். கையை விட்டுவிட்டோம். வேர்வையையும் விட்டுவிட்டோம். வைத்தியர் தலையசைத்து, வயிற்று எரிவுக்கு இரண்டு வகைக் குளிகைகள் எழுதினார். கீழ்ப்படியில் இறங்கும்போது, "நல்லா எடுத்துச் சொன்னீங்க ஐயா" என்று பாட்டி எமக்கு நன்றி கூறினார்.

நான்காம் நாள் இரவு மகள் எமது கதவைத் தட்டினாள். 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தோம். 2016 இல் இந்திய உதவியுடன் தொடங்கிய இலவச அம்புலன்ஸ் சேவை அது. அதில் வந்த இளைஞர் தமிழிலும் நான்கு வார்த்தை பேசினார்; அந்த நான்கு வார்த்தை அன்று எமக்கு எவ்வளவு பெரிதாயிருந்தது என்பதை எழுத இயலாது. இருதயத்துக்குச் செல்லும் இரத்தக் குழாயில் அடைப்பு. பாட்டி பிழைத்துக்கொண்டார். மறுநாள் வார்ட்டிலே தமிழ் தெரிந்த ஒரு தாதியார், எத்தனை நாளாக இப்படியென்று பாட்டியிடம் நேரே விசாரித்தார். "அன்னிக்கே கை அசந்து போவுதுன்னு சொன்னேனுங்களே" என்ற பாட்டி எம் பக்கம் திரும்பி, "ஐயா சொல்லலீங்களா?" என்றார். குற்றஞ்சாட்டும் குரலில் அன்று. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

நீரிழிவு உள்ள பெண்களுக்கு இருதய நோய் பல வேளைகளில் கடும் வலியின்றி, அசதியாகவும் வேர்வையாகவும் மூச்சிரைப்பாகவும் வருமென்று பின்னர் அறிந்தோம். அப்படியாயின் நாம் விட்டுவிட்ட இரண்டு சொற்களே வைத்தியருக்கு வேண்டியிருந்த இரண்டு சொற்கள். மொழி அறிந்தவன் மொழிபெயர்ப்பாளன் ஆகான் என்பது அன்றே எமக்கு உறைத்தது. வைத்தியரின் மேசை முன் நிற்கும்போது நோயாளியின் சொல்லை நிறுத்துப் பார்த்து, வேண்டியது வேண்டாதது பிரிக்க எமக்கு அதிகாரம் தந்தவர் யார்?

இவ்விஷயத்தில் எம்மினும் மோசமான நிலையில் உள்ளவர்கள் பிள்ளைகள். ஆறாம் ஏழாம் வகுப்பில் படிக்கும் சிறுவனைப் பாடசாலைக்கு விடாமல், தாயாருக்காகப் பேசக் கூட்டிச் செல்லும் வழக்கம் எமது சந்துகளில் உண்டு. தாயாரின் மாதவிலக்குக் கோளாற்றைப் பன்னிரண்டு வயது மகன் எந்த வாயால் சொல்வான்? தாயாரும் மகனிடம் அதைச் சொல்லாள். 'வயிற்றுவலி' என்ற ஒரு சொல்லிலே எல்லாம் அடங்கிவிடும். குளிகையும் வயிற்றுவலிக்கே கிடைக்கும். அமெரிக்காவில் 2010 ஆம் ஆண்டுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ் 2016 இல் வெளியான விதிகள், உயிராபத்தான அவசர வேளையிலன்றிச் சிறுபிள்ளைகளை மொழிபெயர்ப்புக்கு நம்பியிருத்தல் ஆகாதென்றும், தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரை வைத்தியசாலையே இலவசமாகத் தரவேண்டுமென்றும் விதித்தன. செல்வந்த நாடு, செய்யலாம் என்பீர்கள். மெய்தான். ஆனால் அங்கே ஆங்கிலம் அறியாதவர் வேறு நாட்டிலிருந்து வந்தவர். இங்கே சிங்களம் அறியாத எமது பாட்டி பேசுவது இந்நாட்டின் அரசகரும மொழியொன்றை.

ஆம், சட்டத்திலே அது தெளிவாகவே இருக்கிறது. 1956 இல் சிங்களம் மட்டுமே என்றான நிலை, 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தத்தாலும் அதற்கடுத்த ஆண்டின் பதினாறாந் திருத்தத்தாலும் மாறியது. தமிழும் அரசகரும மொழி; அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் அதனை விரித்துரைக்கிறது. 1991 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசகரும மொழிகள் ஆணைக்குழுவும் உண்டு, முறைப்பாடு எழுதலாம். ஆனால் நெஞ்சடைத்து நிற்பவர் எந்த ஆணைக்குழுவுக்கு எழுதுவார்? முறைப்பாடு எழுதவல்லவர் பெரும்பாலும் சிங்களமோ ஆங்கிலமோ அறிந்தவராகவே இருப்பார். எழுதவேண்டிய தேவை உள்ளவருக்கோ எழுத வராது.

மருந்து தரும் கடித உறையைப் பாருங்கள். அரசாங்க மருந்துக் கதவிலே குளிகைகளைச் சிறிய தாள் உறைகளிற் போட்டுத் தருவர். உறையின்மேல் காலைக்கு 'உதே' என்றும் இரவுக்கு 'ரே' என்றும் சிங்கள எழுத்தில் ஒரு கீறல். அதைத் தருபவர் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கானவருக்குத் தருகிறார். அவரை நாம் குறைகூறவில்லை. ஆனால் நீரிழிவுக் குளிகையை இருமடங்கு விழுங்கிவிட்டுச் சாப்பிடாமலும் இருந்த ஒரு கிழவருக்கு அந்தக் கீறல் என்ன செய்யும் என்பதை எமது சந்து பார்த்திருக்கிறது. பாட்டியோ தமக்கென ஓர் எழுத்து முறையே வைத்திருந்தார். காலை உறைக்கு ஒரு நூல் முடிச்சு, இரவு உறைக்கு இரண்டு. அடுத்த மாதம் மருந்தின் நிறம் மாறிவந்தால் முடிச்சும் குழம்பும். வார்ட்டிலிருந்த அந்தத் தாதியார்தான் இதற்கு ஒரு வழி கண்டார். நீலப் பேனாவால் உறைகளில் சூரியனையும் பிறையையும் வரைந்து தந்தார். சூரியனுக்குப் பக்கத்தில் ஒரு கோடு என்றால் ஒரு குளிகை. ஆணைக்குழுவுமில்லை, சுற்றுநிருபமுமில்லை, ஒரு பேனா, அரை நிமிஷம்.

இனி, நாம் சொல்ல வந்த முக்கிய விஷயத்துக்கு வருவோம். முதன்முறை பாட்டியோடு சென்றபோது, பதியும் இடத்தில் எழுதுவினைஞர் ஒருவர் கொப்பியைப் புரட்டிக்கொண்டே, "எந்த ஊர்?" என்று தமிழிலேயே கேட்டார். அவர் கேட்டது முகவரி. எமக்கு அது விளங்கியது. பாட்டிக்கு விளங்கியது வேறு. சட்டென்று பொலித்தீன் பையின் அடியிலிருந்து ஒரு துணிப் பொதியை எடுத்து அவிழ்க்கத் தொடங்கினார். பிறப்பத்தாட்சி, காலஞ்சென்ற கணவரின் தோட்டத்துப் பதிவுத் துண்டு, தகப்பனார் பெயர் போட்ட பழுப்பேறிய ஒரு தாள், இறுதியாகப் பிரஜாவுரிமைப் பத்திரம். அவ்வளவையும் ஒன்றன்மேல் ஒன்றாக அந்தப் பலகைமீது அடுக்கினார். எழுதுவினைஞர் திகைத்துப்போய், "இதெல்லாம் வேணாம் அம்மா, இருக்கிற இடத்தைச் சொல்லுங்க" என்றார்.

நீரிழிவுக்கு மருந்து வாங்க வந்த ஒரு கிழவி, தான் இந்நாட்டவள் என்பதற்குச் சான்று கொண்டுவந்தது ஏன்? வீட்டுக்குத் திரும்பும் வழியில், லிப்டன் சுற்றுவட்டத்தருகே ஒரு தேநீர் குடித்துக்கொண்டு அதனைக் கேட்டோம். "கேப்பாங்கன்னுதான்" என்றார். கேட்காவிட்டால்? "ஒரு நாளைக்கு இல்லாட்டி ஒரு நாளைக்குக் கேப்பாங்க."

அவருடைய அச்சத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவருடைய தகப்பனாரை, ஐம்பது ஆண்டுகள் இம்மண்ணில் உழைத்தவரை, எந்நாட்டவரும் அல்லாதவர் ஆக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமாவோ அம்மையாரும் சாஸ்திரியாரும் செய்த ஒப்பந்தத்தில் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு, எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் பற்றிப் பின்னர் பார்ப்போம் என்று மனிதர் பங்கிடப்பட்டனர். பாட்டியின் அக்கா குடும்பத்தோடு தலைமன்னாரில் கப்பலேறி நீலகிரிப் பக்கம் போனார். பாட்டி இங்கேயே நின்றார். 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர்தான் அவர் கைக்கு அந்தப் பத்திரம் வந்தது. அதுவரையில் அவர் கண்ட அரசாங்கப் பலகை ஒவ்வொன்றின் பின்னாலும் இருந்தவர் கேட்ட முதற் கேள்வி, 'துண்டு இருக்கிறதா?' என்பதே. வைத்தியசாலையின் பலகையும் பார்வைக்கு மற்றப் பலகைகளைப் போலத்தானே இருக்கிறது!

இதிலே ஒரு விசித்திரம் உண்டு. பாட்டியின் முன்னோரை இந்நாட்டு மக்களாக ஏற்காத காலத்திலும், அவர்களின் நோயைப் பற்றிச் சட்டம் பேசியிருக்கிறது. கோப்பிக் காலத்திலே இராமநாதபுரத்துக் கரையிலிருந்து மன்னாருக்கு வந்து, காட்டு வழியாகக் கால்நடையாய் மாத்தளைக்கு ஏறியவர்களில் வாந்திபேதியால் வழியிலேயே மடிந்தவர் எண்ணற்றோர். 1872 இல் தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகளுக்கென ஒரு கட்டளைச் சட்டம் பிறந்தது. 1912 இல் அது விரிந்து, நோயுற்ற தொழிலாளியைத் துரையார் வைத்தியசாலைக்கு அனுப்பவேண்டும், பிள்ளை பெற்றவளுக்கு ஒரு மாதம் உணவும் உறைவிடமும் தரவேண்டும் என்றெல்லாம் விதித்தது. கருணை என்று மயங்கவேண்டாம். கை ஓய்ந்தால் கொழுந்து நின்றுவிடும். சாகுந் தறுவாயிலேயே கொண்டுவந்து போடுகிறார்கள் என்று அக்கால வைத்தியர்கள் குறைப்பட்டதும் உண்டு. இருந்தும், நோயாளி எந்நாட்டவர் என்று அச்சட்டம் கேட்கவில்லை. உழைப்பவருக்கு நோய் வந்தால் மருந்து என்ற அளவில் நின்றது. 1951 இல் அரசாங்க வைத்தியசாலைகளிலே கட்டணமும் நீக்கப்பட்டது. இந்நாடு பெருமைப்படத்தக்க காரியங்களில் அது முன் நிற்பது என்பதில் எமக்கு ஐயமில்லை.

ஆகவே, பாட்டியின் பயம் பழங்கதை என்று தள்ளிவிட இருந்தோம். 2007 ஆம் ஆண்டு நினைவுக்கு வந்தபின் தள்ள முடியவில்லை.

அவ்வாண்டு யூன் 7 ஆந் திகதி விடியுமுன், கொழும்பிலே வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை முதலிய இடங்களிலுள்ள லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேர் பொலிஸாரால் எழுப்பப்பட்டு, பஸ்களில் ஏற்றப்பட்டு, வவுனியாவுக்கும் கிழக்கு மாகாணத்துக்கும் அனுப்பப்பட்டனர். தக்க காரணமின்றிக் கொழும்பில் தங்கியிருக்கிறார்கள் என்பது சொல்லப்பட்ட நியாயம். அவர்களிலே கடவுச்சீட்டுக்கு வந்தவர் உண்டு, வேலை தேடி வந்தவர் உண்டு, வைத்தியத்துக்கு வந்தவர் உண்டு. போரினால் வடக்கின் வைத்தியசாலைகள் மருந்தும் கருவியும் இன்றித் தவித்த காலம் அது. புற்றுநோய்க்கு மகரகமை, இருதயத்துக்குக் கொழும்பு என்று வந்தாகவேண்டும். வந்தவர் தங்க லொட்ஜைத் தவிர இடமேது? மறுநாளே, மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தொடுத்த வழக்கிலே, இவ்வாறு வெளியேற்றுவதைத் தடுத்து உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. சில நாட்களில் பிரதம மந்திரியாரும் வருத்தம் தெரிவித்தார். சட்டம் விரைந்து வேலை செய்தது என்றே சொல்லவேண்டும்.

ஆனால் நீதிமன்றத்தின் உத்தரவு எட்டாத இடம் ஒன்று உண்டு. எமக்குத் தெரிந்த ஒரு முதியவர், வடமராட்சியைச் சேர்ந்தவர், அப்பொழுது கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜிலே தங்கித் தொண்டைக்குக் கதிர்ச் சிகிச்சை பெற்றுவந்தார். பஸ்ஸில் ஏற்றப்பட்டவர்களில் அவர் இல்லை. அன்றிரவு வேறிடத்தில் இருந்தார். எனினும் அடுத்த வாரமே ஊருக்குப் புறப்பட்டுவிட்டார். இன்னும் எத்தனை முறை பாக்கி என்று கேட்டோம். "பன்னிரண்டு" என்றார். "நீதிமன்றம் தடுத்துவிட்டதே, அண்ணை?" என்றோம். "தம்பி, வழக்கு அவையள் வெண்டிட்டினம். இரவிலை நித்திரை வரவேணுமே!" என்றார். பன்னிரண்டு முறையும் பாக்கியாகவே போயிற்று. அவர் இறந்ததற்கு அதுதான் காரணமென்று எந்த வைத்தியரும் எழுதித் தரமாட்டார்; நாமும் சொல்லவில்லை. பயந்தவனுக்கு மருந்து எட்டாது என்பதை மட்டும் அறிவோம்.

எமது தெருவார் வெளியே போனாலும் இதே கதைதான். எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து எத்தனையோ தாய்மார் இங்கிருந்து அரபு நாடுகளுக்கு வீட்டுவேலைக்குச் சென்றனர். போகுமுன் 'மெடிக்கல்' பார்த்துத் தகுதியென்றால்தான் விமானம். போன இடத்தில் கடவுச்சீட்டு எசமானியின் அலுமாரியில். காய்ச்சல் கண்டால் வைத்தியரிடம் கூட்டிச் செல்வதும் எசமானி, பேசுவதும் எசமானி. வேலைக்காரியின் முதுகிலுள்ள தழும்பைப் பற்றி எசமானி எப்படி மொழிபெயர்த்திருப்பார் என்று ஊகித்துக்கொள்ளலாம். நாம் பலாக்காயை நினைத்துக் கையை விட்டோம். அங்கே விடப்படுவதற்குக் காரணம் வேறு.

இலண்டனிலும் அப்படியொரு காலம் இருந்தது. 2017 தொடக்கத்தில், தேசிய சுகாதார சேவையில் பதிந்த நோயாளரின் முகவரி முதலிய விபரங்களைக் குடிவரவுக்குப் பொறுப்பான உள்நாட்டு அமைச்சு கேட்டுப் பெறுவதற்கு ஓர் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. வைத்தியர்களும் நாடாளுமன்றக் குழுவொன்றும் கடுமையாக எதிர்க்கவே, 2018 மே மாதத்தில் அது பெரும்பாலும் நிறுத்தப்பட்டது. அமெரிக்காவிலோ போக்கு எதிர்த்திசையில். வைத்தியசாலை, பாடசாலை, வழிபாட்டிடம் ஆகியவற்றிலே குடிவரவு அதிகாரிகள் கைது செய்வதைத் தவிர்க்கவேண்டுமென 2011 முதல் இருந்துவந்த வழிகாட்டல் 2025 ஜனவரியில் நீக்கப்பட்டது. அதன் பின்னர், யார் வந்து கேட்டால் எந்தக் கதவைத் திறப்பது, எந்தக் கதவுக்கு நீதிபதியின் ஆணை வேண்டும் என்று கிளினிக்குகளிலே வாயிற்காப்போருக்கும் எழுதுவினைஞருக்கும் பாடம் நடத்தவேண்டி வந்தது. எமது உறவினர் எத்தனை பேர் அந்நாடுகளில் இருக்கிறார்கள்! காகிதம் முற்றாகாதவரும் அவர்களில் உண்டு. பிரசவத்துக்குப் போகலாமா, போனால் பெயரைச் சொல்லலாமா என்று தொலைபேசியில் கேட்கும் பெண்ணுக்கு இங்கிருக்கும் தாயார் என்ன விடை சொல்வார்?

நோயாளியிடம் ஒன்றுமே கேட்கக்கூடாது என்று நாம் சொல்லவரவில்லை. ஒரே பெயரில் இருவர் இருந்தால் ஒருவரின் ஊசி மற்றவருக்கு ஏறிவிடும். ஆகவே பெயரும் அடையாள இலக்கமும் வேண்டும். எங்கே தங்கியிருக்கிறார் என்பது தெரிந்தால்தான் டெங்குக்குப் புகையடிக்கவும் காசநோய்க்காரரைத் தேடிப் போய்க் குளிகை கொடுக்கவும் இயலும். கேள்வி ஒன்றுதான், அது நோயாளியைக் காப்பதற்கா, நோயாளியைப் பிரிப்பதற்கா என்பதிலேதான் வேறுபாடு. கேட்பவருக்கு அந்த வேறுபாடு தெரியும். பலகைக்கு இப்பால் நிற்பவருக்குத் தெரியாது. அதனைச் சொல்லிவிடுவது கேட்பவரின் கடமை என்பதே எமது கட்சி. 'மருந்துக்காகத்தான் கேட்கிறேன் அம்மா' என்ற மூன்று சொற்கள். அந்த எழுதுவினைஞர், பாவம், தம்மை அறியாமலே அதைத்தான் சொன்னார்.

பாட்டி வீடு திரும்பிய பிறகு எமது சந்திலே ஒரு சிறு ஏற்பாடு செய்தோம். பெரிதாக எண்ணவேண்டாம், சங்கமுமில்லை, தலைவருமில்லை. சிங்களம் நன்கறிந்த நால்வர், அவர்களில் இருவர் பெண்கள், கிளினிக் நாட்களைப் பங்கிட்டுக்கொண்டோம். பெண் நோயாளிக்குப் பெண்ணே போவாள். பள்ளிப் பிள்ளைகளை அனுப்புவதில்லை. அண்டை வீட்டு மலாய் ஆசிரியை ஒருத்தி எம் அனைவருக்கும் ஒரு விதி போட்டாள்: முதல்நாள் மாலையே நோயாளியிடம் போய், அவர் சொல்வதை அவர் சொல்லிலேயே ஒரு தாளில் எழுதிக்கொள்ளவேண்டும்; மறுநாள் அந்தத் தாளில் உள்ளது ஒன்றையும் விடாமல் சொல்லவேண்டும்; தாளில் இல்லாத ஒன்றையும் சேர்க்கக்கூடாது. வைத்தியர் பொறுமையிழந்தாலும் சொல்லி முடிக்கவேண்டும். கேட்டது வெளியே போகக்கூடாது. கடைசி விதிதான் கொம்பனித்தெருவிலே கடினமான விதி. குழாயடியில் காலை சொன்ன சொல் மாலைக்குள் புகையிரத நிலையம் போய்விடும் தெரு இது. ஒருத்தி அதை மீறினாள், அவளை விலக்கிவிட்டோம். அதற்கு அவள் இன்றுவரை எம்மோடு பேசுவதில்லை.

சென்ற மாதம் மீண்டும் எமது முறை வந்தது. தாளோடு போனோம். இம்முறை ஒரு பெண் வைத்தியர். நாம் வாசிக்க வாசிக்க அவர் எம்மைக் கையமர்த்திவிட்டுப் பாட்டியின் பக்கம் நாற்காலியைத் திருப்பி, அரைகுறைத் தமிழிலே, "அம்மா, கை இப்ப எப்படி?" என்று கேட்டார். பாட்டி இடது கையைத் தூக்கிக் காட்டி, விரல்களை மடக்கி நீட்டி, கொழுந்து கிள்ளுவதுபோல் இரண்டுமுறை செய்தார். வைத்தியர் சிரித்தார். எமக்கு அங்கே வேலையிருக்கவில்லை.

பதியும் இடத்தில் புதியவர் ஒருவர் இருந்தார். "எந்த ஊர்?" என்றார், கொப்பியிலிருந்து கண்ணை எடுக்காமலே. பாட்டியின் கை பைக்குள்ளே போய், அந்தத் துணிப் பொதியின்மேல் சற்று நின்றது. பிறகு, "கொம்பனித்தெருங்க" என்றார். அவர் எழுதிக்கொண்டு அடுத்த கிளினிக்குக்குத் திகதி போட்டுக் கொடுத்தார். 17 ஆந் திகதி, வியாழக்கிழமை.

"ஐயா, அன்னைக்கு நாலு மணிக்கே கெளம்பிருவோம். வரிச நீளமா இருக்கும்" என்றார் பாட்டி, பொதியைப் பையின் அடியிலே இன்னும் சற்று உள்ளே தள்ளிவைத்துக்கொண்டு.